குடுக்கமாட்டேன் பாயிடம் கீபோர்டு வாங்கிய கதை

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, தேடி வருகிறவர்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்புகிற வியாபாரி தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அவர் கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் கீபோர்டு விற்கிறார். 'விற்கிறார்' என்பதுகூட ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். பன்னிரண்டு கீபோர்டுகளைப் பழைய லுங்கிகளால் போர்த்திவைத்து, ஊர்க்காரர்களிடமிருந்து காப்பாற்றி வருகிறார் என்பதே சரி.

கடைப் பலகையில் இருந்த பெயர் வெயிலில் வெளுத்துப் போய்விட்டது. ஊர் அவருக்கு வைத்த பெயர் குடுக்கமாட்டேன் பாய். அவர் காதுபடவே சொல்வார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். "ஊர் தப்பாச் சொல்லாதுங்க" என்று தலையாட்டுவார்.

ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சீர்வரிசையில் கட்டில், பீரோவோடு ஒரு கீபோர்டும் வைக்க வேண்டுமாம்.

"மாப்பிள்ளை வாசிப்பாருங்களா?" என்றார் பாய்.

"இல்லீங்க பாய். சும்மா பார்வைக்கு."

"பார்வைக்குன்னா போட்டோ புடிச்சுட்டுப் போங்க. நல்லா வெளிச்சம் வர்ற பக்கமாத் திருப்பி வெக்கட்டுங்களா?"

வேன் காலியாகத் திரும்பியது.

இன்னொருமுறை மிளகு நல்ல விலைக்குப் போன சந்தோஷத்தில் மலைமேலுள்ள பெரக்கரை நாட்டிலிருந்து ஒரு விவசாயி இறங்கி வந்து, இருப்பதிலேயே பெரிய கீபோர்டைக் கேட்டார். எண்பத்தெட்டு கீ உள்ளது. யாருக்கு என்று பாய் விசாரித்தார். மகனுக்கு. வயசு? நாலு.

"ஏனுங்க, நாலு வயசுக் கண்ணு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஓடி ஓடித்தானுங்க வாசிக்கோணும்?"

"நாந்தான் காசு குடுக்கறனுங்களே?"

"காசு குடுத்தா கை நீளுமுங்களா?"

அந்தக் குழந்தையின் விரல் அளவை ஒரு காகிதத்தில் வரைந்து கொண்டுவரும்படி சொல்லி அனுப்பிவிட்டார். அவரும் அடுத்த வாரம் மடித்த காகிதத்தோடு வந்தாராம். பாய் அதை ஒரு சிறிய கீபோர்டின் மேல் விரித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு தீவாளி போகட்டுங்க" என்றாராம்.

நான் கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். என் மனைவி மல்லிகா அதே பக்கத்துக் கிராமங்களுக்கு நர்ஸ். தடுப்பூசி போடுகிற புதன்கிழமைகளில் அவள் பாடுவாள். 'குட்டி எறும்பு கடிச்சிருச்சாம், கூட்டம் கூட்டி அழுதிருச்சாம்' என்று அவளே கட்டிய பாட்டு. எறும்பு கடிப்பதற்குள் ஊசி போட்டு முடித்துவிடுவாள். குழந்தை அழலாமா என்று யோசிப்பதற்குள் பாட்டின் அடுத்த வரி வந்துவிடும்.

போன வருஷம் அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. கட்டி போனது, கூடவே குரலும் போனது. பேச்சு வந்தது, ஆனால் கரகரவென்று, கனமாக, வேறு யாரோ பேசுவது போல. போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். மல்லிகா பாடுவதை நிறுத்தினாள். அப்புறம் பேசுவதையும் குறைத்தாள். வீட்டில் கேள்விகளுக்குத் தலையை ஆட்டிப் பதில் சொன்னாள். தடுப்பூசி நாளில் ஒரு குழந்தை, "நர்சக்கா, உனக்குச் சளியா?" என்று கேட்டது. அன்று மாலை முழுக்க அவள் அந்தத் தலையையும் ஆட்டவில்லை.

பாட முடியாவிட்டால் வாசிக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கணக்கு வாத்தியார் மூளை. ஒன்றைக் கழித்தால் இன்னொன்றைக் கூட்டிவிடலாம் என்று நினைக்கும். அவளுக்குத் தெரியாமல் ஒரு சனிக்கிழமை மலையிறங்கி பாய் கடைக்குப் போனேன்.

கீபோர்டு வேண்டும் என்று சொன்னதும் என்னை உட்காரச் சொன்னார். அதன்பின் நடந்தது பெண் பார்க்க வந்தவர்கள்கூடச் செய்யாத விசாரணை. வீடு ஓடா, தகரமா? தகரமென்றால் மழை பெய்யும்போது என்ன செய்வதாக உத்தேசம்? கரண்ட் ஏறி இறங்குமா? பனி உள்ளே வருமா? எறும்பு உண்டா? கறுப்பா, சிவப்பா?

"சிவப்பு எறும்புன்னா என்னங்க பாய்?"

"சிவப்பு உள்ள போய்க் குடும்பம் நடத்துமுங்க. கறுப்பு சும்மா பார்த்துட்டு வந்துரும்."

ஒரு கீபோர்டில் லுங்கியை விலக்கிக் காட்டினார். ஒரு பொத்தானின் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதை அழுத்தினால் கீபோர்டு தானாகவே ஒரு பாட்டை வாசிக்குமாம். பன்னிரண்டிலும் ஒட்டிவைத்திருந்தார். "அதக் கேட்டுப்போட்டு, தானே வாசிச்ச மாதிரி சந்தோசமா வாங்கிட்டுப் போயிர்றாங்க. ஊட்டுக்குப் போனதுக்கப்புறந்தான் தெரியுது, வாசிச்சது பொட்டின்னு."

பிறகு ஒரு கீயை மெதுவாகத் தொட்டார், மெதுவாக ஒலித்தது. ஓங்கி அழுத்தினார், ஓங்கி ஒலித்தது. இன்னொரு கீபோர்டில் எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம். "இது கோவத்தையும் கொஞ்சலையும் ஒண்ணாவே சொல்லுமுங்க. இது வாங்கறதுக்கு நீங்க காலிங் பெல்லே வாங்கிக்கலாம்." அரை மணி நேரத்தில் நான் பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருஷமாகக் கற்றுக்கொடுத்ததைவிட அதிகமாக அவரிடம் கற்றுக்கொண்டேன்.

"சரிங்க பாய், அந்த முதல் பொட்டியையே குடுங்க."

"வாசிக்கப் போறது யாருங்க?"

"என் மனைவி."

"அப்பப் பொட்டிய நீங்க எப்படிங்க வாங்கறது? செருப்பே காலைக் கூட்டிட்டுப் போய்த்தான வாங்கறோம்? விரலைக் கூட்டிட்டு வாங்க, வாத்தியாரே."

குடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, புடவை எடுக்கலாம் என்று பொய் சொல்லி மல்லிகாவை அழைத்துப் போனேன். பாய் கடை வாசலில் நிறுத்தியதும் அவள் என்னைப் பார்த்த பார்வையில் புடவையின் முந்தானைகூட இல்லை. ஆனாலும் உள்ளே வந்தாள். பாய் டீ வரவழைத்தார். அவள் விரல்களைப் பார்த்து, "நல்ல விரலுங்க தங்கச்சி" என்றார். ஆபரேஷன் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லாதது என் தப்பு.

"தங்கச்சி, உங்களுக்குப் புடிச்சத ஒரு வரி பாடுங்க. நான் சுருதி எங்கன்னு புடிச்சுக்கறேன்."

மல்லிகா முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். மறுப்பாள் என்று நினைத்தேன். என்ன தோன்றியதோ, வாயைத் திறந்தாள். குட்டி எறும்புப் பாட்டு. பழைய உயரத்திலேயே ஆரம்பித்தாள். மூன்றாவது சொல்லில் குரல் உடைந்து நின்றது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடையைவிட்டு வெளியேறி, பஸ் நிற்கிற இடத்தில் போய் முதுகு காட்டி நின்றுகொண்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு சாமானைக் காசுக்குக் குடுக்கறதுக்கு இத்தனை பரீட்சையா? ஆபரேஷன் பண்ணிக் குரல் போனவளை அழ வெச்சு அனுப்பிட்டீங்களே!" என்று கத்தினேன்.

பாய் கீபோர்டின் மேல் லுங்கியைப் போர்த்தினார். போர்த்தியதைச் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார். "மொதல்லயே சொல்லியிருக்கோணுமுங்க, வாத்தியாரே" என்றார் கடைசியில், மிகச் சின்னக் குரலில்.

மலை ஏறுகிற எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மல்லிகா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். அந்த வாரம் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்த பாய், வாழ்நாளில் ஒருதடவைகூட மலை ஏறியதில்லை. தலைசுற்றல். மாடிப்படியில் திரும்பினாலே அவருக்குக் கண்ணைக் கட்டும். கீபோர்டைக் கொண்டுவந்து தரச்சொல்லி மலையிலிருந்து யார் கூப்பிட்டாலும், "மலைய எறக்கிவிடுங்க, வாரேன்" என்பார்.

அப்படிப்பட்டவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். மடியில் கீபோர்டு, கையில் எலுமிச்சம்பழம். பிறகு கண்டக்டர் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரிந்தது. ஆறாவது வளைவில் கண்ணை மூடினாராம். பதினெட்டாவதில் எலுமிச்சையைத் தோலோடு கடித்தாராம். இருபத்திரண்டில் ஆரம்பித்த வாந்தி, எழுபதுவரை ஒரு வளைவையும் விட்டுவைக்கவில்லையாம். "பை குடுத்துக் குடுத்து என் கையே ஓஞ்சு போச்சுங்க சார். அப்பவும் அந்தப் பொட்டி மேல ஒரு சொட்டுப் படலீங்க" என்றார் கண்டக்டர்.

எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது பாய் முருங்கைக் கீரை நிறத்தில் இருந்தார். கீபோர்டை என் கையில் கொடுத்தார். "கீழ வெக்காதீங்க, எறும்பு" என்றார். அப்படியே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார்.

மல்லிகா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். மனைவியாக வந்தவள், அவரைப் பார்த்ததும் நர்ஸாகிவிட்டாள். நாடி பிடித்தாள், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே திட்ட ஆரம்பித்தாள். பல மாதங்களாகத் தேக்கி வைத்திருந்த பேச்சு முழுவதும் கதவைத் திறந்துகொண்டு வந்தது.

"ஒத்துக்காதுன்னு தெரியுமில்லீங்க? வெறும் வயித்துல பஸ் ஏறலாமுங்களா? வயசென்ன ஆச்சு உங்களுக்கு? வழியில ஏதாச்சும் ஆகியிருந்தா ஊட்டுல இருக்கறவங்களுக்கு யாருங்க பதில் சொல்றது? குடிங்க! மொத்தமும் குடிங்க!"

பாய் குடிக்கவில்லை. கண்ணை மூடியபடியே விரலை உயர்த்தினார்.

"தங்கச்சி, இன்னொருக்காத் திட்டுங்க."

"என்னுங்க?"

"நிறுத்தாதீங்க. வாத்தியாரே, அந்த வொயரைச் சொருகுங்க!"

தவழ்ந்து போய், நான் பெஞ்சில் வைத்திருந்த கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். இது தலைசுற்றலின் அடுத்த கட்டம் என்று பயந்து மல்லிகா இன்னும் பலமாகத் திட்டினாள். அவர் ஒவ்வொரு கீயாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஒரு கீயில் நின்றார். அந்த ஒலியும் அவள் திட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எனக்கே கேட்டது.

"நீங்க முன்னால அஞ்சரைக் கட்டைச் சுருதியில பாடிட்டு இருந்திருக்கீங்க. அன்னிக்கும் அங்கயேதான் ஆரம்பிச்சீங்க. இப்ப மூணு கட்டையில திட்டறீங்க. குரல் எங்கயும் போகலீங்க தங்கச்சி. கறுப்புக் கீ, வெள்ளைக் கீ எல்லாஞ் சேர்த்து எண்ணினா நாலு படி எறங்கி உக்காந்திருக்குது. அது பாவம் அங்க உக்காந்திருக்கு. நீங்க பழைய எடத்துல தேடிட்டு இருக்கீங்க."

ஒரு பொத்தானை நான்குமுறை அழுத்தினார். விரலை வைக்கிற இடம் மாறாமலே கீபோர்டின் சுருதி நாலு படி இறங்கியது. அன்று கடையில் அவள் பாடி நின்ற அந்த மூன்று சொற்களை, ஒரே ஒருமுறை கேட்டதைத்தான், அப்படியே வாசித்தார். "ஏறிப் போக வேண்டாமுங்க. பொட்டி உங்ககிட்ட எறங்கி வரும். திட்டின அதே எடத்துல பாடுங்க."

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

குட்டி எறும்பு கடித்தது. பழைய குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் கனமாக, ஆனால் மூன்றாவது சொல்லில் நிற்காமல், அடுத்த வரிக்கும் அதற்கடுத்த வரிக்கும் போனது. முடிந்ததும் அவள் முந்தானையால் கழுத்தைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்தாள். பாய் மிச்சமிருந்த உப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"சரிங்க பாய், இப்பவாவது குடுப்பீங்களா?" என்றேன்.

"அதெப்படிங்க? ஒரு மாசம் இங்க இருக்கட்டும். தினமும் தொடறாங்களான்னு பார்ப்பேன். தொடலீன்னா நானே வந்து எடுத்துட்டுப் போயிருவேன்." சொல்லி முடித்ததும் எழுபது வளைவுகளும் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். மறுபடியும் கீரை நிறமானார்.

இறங்குவதற்கு முன்னால் மல்லிகா ஒரு மாத்திரை கொடுத்தாள். அது அவரை நன்றாகத் தூங்க வைத்தது. காளப்பநாயக்கன்பட்டி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் பஸ் கழுவுகிறவர் தண்ணீர் தெளித்து எழுப்பினாராம்.

ஒரு மாதம் முடிந்து, பணத்தை வாங்கிக்கொண்டார். ஆனாலும் வாரம் தவறாமல் போன் வரும். "வாத்தியாரே, எறும்பு வந்துச்சுங்களா?" என்று ஆரம்பிப்பார். "பொட்டிகிட்டப் போனை வைங்க" என்று முடிப்பார். மல்லிகா இப்போது புதன்கிழமைகளில் பேட்டரி போட்டுக் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு போகிறாள். குழந்தைகள் முன்னைப் போல ஏமாறுவதில்லை. ஊசிக்கு அழத்தான் செய்கின்றன. ஆனால் அழுது முடித்ததும் கீயை அழுத்த வரிசையில் நிற்கின்றன.

நேற்றும் போன் வந்தது. மல்லிகா புதிதாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீபோர்டின் மேல் வைத்தேன். அவள் பாடப் பாட அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. டவர் போய்விட்டதோ என்று எடுத்துக் காதில் வைத்தேன். கடையில் யாரோ, "பாய், பொட்டி வேணுமுங்க. எவ்வளவு நேரம் நிக்கறது?" என்று கேட்பது தூரத்தில் கேட்டது.

பாய் தணிந்த குரலில் அவரை அடக்கினார்.

"சத்தம் போடாதீங்க சாமி. எங்க தங்கச்சி பாடுது."