நாற்பது கஜத்தில் நிற்காத கொயோட்டி

ஒருவார்த்தைக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள். ஏதாவது ஒரு சாமானை வாங்கி வந்து வீட்டில் வையுங்கள், அது தானாக வந்து சேரும். சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். உதட்டைப் பிதுக்கும். "அடடா, வாங்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்று சொல்லும். அவ்வளவுதான். அதுவரை சமர்த்தாக அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸி, அந்த நிமிஷம் முதல் உங்கள் காதுக்கு மட்டும் இரைய ஆரம்பிக்கும்.

டெக்சஸில், காப்பெல் வட்டாரத்துக்கு வாய்த்தவர் அனந்தராமன். ரைஸ் குக்கரா, மினிவேனா, பையனுக்கு வயலினா, எதுவானாலும் அவரைக் கேட்காமல் அங்கே தமிழர் யாரும் வாங்குவதில்லை. கேட்டவர்கள் வாங்குவதே இல்லை. அவர் மட்டும் விதிவிலக்கா? பழைய மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை ஆராயத் தொடங்கியவர், பதினோரு மாதம் மனைவி காமாக்ஷியோடு தரையில் பாய் விரித்துப் படுத்தார். பன்னிரண்டாம் மாதம், "இப்போ தரைதான் முதுகுக்கு நல்லதுன்னு ரிவ்யூ வர்றது" என்றார். காமாக்ஷி மறுநாள் தானே போய் ஒரு மெத்தை வாங்கிவந்தாள். 'என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்ற வாக்கியம் அவளுக்கும் கிடைத்தது.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அமெரிக்கா வந்த புதிதில், எடிசன் என்ற ஊரில் இருந்தபோது, யாரையும் கேட்காமல் ஆசைப்பட்டு ஒரு சிவப்புக் கார் வாங்கினார். அது ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடை வாசலில், சனிக்கிழமை சாயங்காலம், பத்துத் தமிழர்கள் பார்க்க நின்றுபோனது. ஒன்பது பேர் அந்த வாக்கியத்தைச் சொன்னார்கள். பத்தாவது ஆள் காரைத் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து அனந்தராமனுக்கு உலகத்தில் ஒரே பயம்: அந்த வாக்கியத்தை இன்னொரு முறை யாரும் தன்னிடம் சொல்லிவிடக் கூடாது.

இப்படிப்பட்டவரிடம்தான் வள்ளி போய்க் கேட்டாள். வள்ளியும் அவள் கணவன் சேனாபதியும் தாராபுரத்துப் பக்கத்துக்காரர்கள். காப்பெலிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் எட்டு ஏக்கர் வாங்கி ஆடு வளர்க்கிறார்கள். சேனாபதி ஆபீஸ் வேலையாகப் பாதி நாள் விமானத்தில் இருப்பான். பிப்ரவரியில் ஏழு குட்டிகள். மாசக் கடைசியில் ஒன்றைக் காணோம். நரிக்கும் ஓநாய்க்கும் நடுவாந்தரமாக ஒரு பிராணி இருக்கிறதே, கொயோட்டி, அதன் வேலை.

"ஏனுங்ணா, பக்கத்துப் பண்ணை டேல் தாத்தா அவரோட பழைய ஷாட்கன்னைத் தரேன்னாருங். அதுக்கு எந்தக் குண்டு போடறதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்" என்றாள்.

ஒரு வார்த்தை! அனந்தராமனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"டேல் சொல்றதெல்லாம் போடாதேம்மா. எனக்கு ஒரு வீக்கெண்ட் டைம் குடு" என்றார்.

முட்டை கலந்திருக்குமோ என்று கேக்கையே முகர்ந்து பார்த்துச் சாப்பிடும் மனுஷர். அவருடைய லேப்டாப்பில் இப்போது துப்பாக்கி ரவைகள். பெரிய ரவை போட்டால் எண்ணிக்கை குறையும், சின்ன ரவை போட்டால் அடி குறையும். ஈயமா, ஸ்டீலா, டங்ஸ்டனா? போதாததற்கு சோக் வேறு. துப்பாக்கிக் குழலின் வாயில் திருகுகிற சின்னக் குழாய் அது. தோட்டத்து ஹோஸ் முனையை இறுக்கினால் தண்ணீர் கூர்மையாகத் தூரம் போகும், தளர்த்தினால் பக்கத்திலேயே பரந்து விழும் அல்லவா, அதே கதைதான். இறுக்கமான சோக்கா, தளர்ந்த சோக்கா? கொயோட்டி எத்தனை கஜத்தில் நிற்கும்?

மார்ச்சில் இரண்டாவது குட்டி போனது. வள்ளி அழாத குறையாக போன் பண்ணினாள்.

"எத்தனை யார்டு டிஸ்டன்ஸ்ல வந்துதும்மா?"

"அளந்து பாக்கலீங்ணா."

"அப்சர்வ் பண்ணணும்மா. டேட்டா இல்லாம நான் எப்படி கன்க்ளூட் பண்றது?"

எக்ஸெல் அட்டவணை நாற்பத்திமூன்று பத்திகளானது. அவர் லைசென்ஸ் எடுத்தார், பாதுகாப்பு வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கினார், தனக்கென்று ஒரு துப்பாக்கியும் மூன்று சோக்கும் சேர்த்தார். சுடுதளத்தில் நாற்பது கஜத்தில் காகிதம் கட்டிச் சுட்டு, அந்தக் காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் விரித்துப் பேனாவால் ஓட்டைகளை எண்ணினார். "ஏன்னா, சாம்பாரை எங்க வைக்கறது?" என்று காமாக்ஷி கேட்டாள். "அப்பா, ஜஸ்ட் பிக் ஒன்!" என்றாள் மகள் அதிதி. நெப்ராஸ்காவிலிருந்து ஒருவர் இணையத்தில் எல்லாவற்றுக்கும் மாற்றாக ஒரு கருத்தைச் சொல்லிவைக்க, அட்டவணை மறுபடி முதல் பத்தியிலிருந்து கிளம்பியது.

மிச்சம் ஐந்து குட்டிகள். அதில் ஒன்று செவலை. தாய் ஒதுக்கிய குட்டி. பிறந்த நாள் முதல் வள்ளி பால் புட்டி கொடுத்து வளர்த்தது. அவள் நடந்தால் பின்னாலேயே நடக்கும், நின்றால் காலில் முட்டும்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, ஒருவழியாக முடிவு எட்டப்பட்டது. கொயோட்டி சராசரியாக நாற்பது கஜத்தில் நிற்கும். அதற்கு இறுக்கமான சோக், ஈய ரவை. விடியற்காலையில் அனந்தராமனும் வள்ளியும் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அவருக்குத் தெம்பாக இருந்தது. நாற்பத்திமூன்று பத்திகள் பக்கபலமாக இருக்கும்போது என்ன பயம்?

கொயோட்டி வந்தது. அட்டவணை படிக்காத கொயோட்டி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பதினைந்து கஜத்தில், சாவகாசமாக நின்று இவர்களைப் பார்த்தது.

"சுடுங்ணா!" என்றாள் வள்ளி.

"இரும்மா, இரு. கிட்டக்க வந்துடுத்து. இதுக்கு ஓப்பன் சோக் போடணும்!"

வகுப்பில் சொன்னபடி முதலில் தோட்டாக்களை வெளியே எடுத்தார். அதற்கென்று இருக்கும் சாவியால் சோக்கைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து மற்ற இரண்டையும் எடுத்தார். எது எது? எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. படிக்கும் கண்ணாடி காரில்.

"வள்ளி, கொஞ்சம் போன் லைட் அடிச்சுக் காட்டும்மா."

லைட் அடிக்க வள்ளி அங்கே இல்லை. கையில் கிடைத்த, வைக்கோல் அள்ளும் கவைக்கம்பைத் தூக்கிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தியபடி ஓடிக்கொண்டிருந்தாள். ஓடி என்ன? கொயோட்டி வேலியைத் தாண்டியபோது அதன் வாயில் செவலை இருந்தது.

வெறும் துப்பாக்கியும் கையுமாக நின்ற அனந்தராமனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வள்ளி திரும்பி வந்து, பால் புட்டியை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"ஏனுங்ணா, டேல் தாத்தா கிட்ட ஒரு கழுதை வாங்கியாந்து ஆட்டோட விட்டனுங். ரெண்டாம் நாளே கொயோட்டி வந்துச்சு. கழுதை எந்தச் சோக்குன்னெல்லாம் கேக்கலீங். தொரத்திப்போய் ஒரு உதை விட்டுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே காணோமுங்."

அனந்தராமனின் உதடுகள் தாமாகப் பிதுங்கின. கழுதை மட்டுமா? ஆட்டுக்குக் காவலாக லாமா என்று ஓர் ஒட்டக ஜாதிப் பிராணியை விடுகிறார்கள், அதற்கென்றே நாய்கள் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் வள்ளி முந்திக்கொண்டாள்.

"வாங்கறதுக்கு முந்தி உங்களை ஒரு வார்த்தை கேக்கோணும்னுதான் நெனச்சனுங்ணா. அப்பறம், மிச்சம் இருக்கற நாலு குட்டியாவது பொழைக்கட்டும்னு கேக்காம வாங்கிட்டனுங்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதைப் படிக்க ஆரம்பிக்குமுன் எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்த்தவர் நீங்களாக இருக்காது. படிக்கலாமா என்று நாலு பேரைக் கேட்டவரும் நீங்களாக இருக்காது. இருந்தாலும், நல்ல கம்பெனி கேஸ்கெட் எது என்று நீங்கள் பார்த்துச் சொல்வதற்காக மூன்று மாதமாகக் குக்கர் மூடியில் துணி சுற்றிச் சமைத்துக்கொண்டிருக்கிறாரே உங்கள் வீட்டில் ஒருவர், அவரிடம் இதைப் படிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.