என் ஆச்சியின் பெயர் 4210692

பேருந்தில் என் காலை மிதித்தவரிடம் நானே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். வகுப்பில் வருகைப் பதிவின்போது என் பெயரை விட்டுவிட்டால், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு வராதவளாகவே அன்றைய நாளைக் கழித்திருக்கிறேன். இப்படிப்பட்ட நான் வாழ்நாளில் ஒரே ஒருமுறை, உண்மையைச் சொல்ல வந்த ஒருவரின் வாயை வலுக்கட்டாயமாக அடைத்தேன். அவர் மனிதர் அல்லர்; ஒரு கம்பைலர். நாம் எழுதும் நிரலைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றித் தரும் மென்பொருள் அது. அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு துல்லியமாக என்னிடம் பேசியவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

என் ஆச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். (எங்கள் வீடுகளில் அக்காளை ஆச்சி என்போம்; அப்பாவை அப்பச்சி, அம்மாவை ஆத்தா. வெளியூர்த் தோழிகள் எழுபது வயதுப் பெண்மணியைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். என் ஆச்சிக்கு அப்போது இருபத்தாறு.) காரைக்குடிப் பக்கம் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கல்யாண வீட்டில் பரப்பி வைப்பார்கள். வருகிறவர்கள் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதுபோல் அதைச் சுற்றி வந்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்துப் பார்ப்பார்கள். கவிழ்த்துப் பார்ப்பது அதில் வெட்டியிருக்கும் பெயருக்காக. அந்தப் பெயர் பெரும்பாலும் அப்பச்சியின் தலைப்பெழுத்துகளாகத்தான் இருக்கும்.

ஆச்சி கல்யாணத்துக்கென்று எதையும் கேட்கவில்லை. புடவையின் நிறத்தைக்கூட ஆத்தாளிடமே விட்டுவிட்டாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எல்லாச் சாமான்லயும் எம்பேரு இருக்கணும். எழுத்து இல்ல, பேரு. உமையாள்னு முழுசா."

"அப்பச்சி எழுத்துதானடி வழக்கம்?" என்றாள் ஆத்தா.

"சட்டிய நாந்தான வெளக்கப் போறேன்? அப்பச்சியா வந்து வெளக்குவாக?"

நாளிதழுக்குப் பின்னால் இருந்த அப்பச்சி, "அவ சொல்றபடியே வெட்டுங்க" என்றார். விஷயம் முடிந்தது. உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டுத் திரும்பும் பாத்திரங்களைச் சரிபார்க்க வசதியாக, பெயருக்குப் பக்கத்தில் ஒன்று முதல் நூற்றெட்டு வரை வரிசை எண்ணும் இருக்கட்டும் என்றாள் ஆத்தா. பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கல்யாண வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே பொறுப்பு அதுதான். எழுத்துப் பிழை விடாதவள் என்பது என் தகுதி.

'உமையாள்-1, உமையாள்-2' என்று கையால் தட்டியிருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் எங்கள் கல்லூரியில் அந்தப் பருவம் இலக்கிய மாணவிகளுக்கும் சி மொழியில் ஒரு குறுகிய கால வகுப்பு வைத்திருந்தார்கள். நான் மூன்று வாரம் போயிருந்தேன். மூன்று வாரக் கல்வி மனிதரை என்ன செய்யும் என்பதற்கு நானே சான்று. கால் மணி நேர வேலைக்கு நிரல் எழுத மூன்று மாலைகள் எடுத்துக்கொண்டேன்.

சி மொழியில் ஒரு வரியை அச்சிட வேண்டுமானால், முதலில் அதன் அமைப்பைச் சொல்ல வேண்டும். பந்தியில் வரப்போகிறவருக்கு இலை போட்டு இடம் பிடிப்பதுபோல, எண் வரும் இடத்தில் %d என்றும், எழுத்துகள் வரும் இடத்தில் %s என்றும் குறி போட்டு வைக்க வேண்டும். வகுப்பில் மேடம் தந்த மாதிரி நிரல் ஒன்று மாணவியரின் வகுப்பு எண்ணையும் வரிசை எண்ணையும் அச்சிட்டது. அதில் இரண்டும் எண்கள். ஆகவே இரண்டு இடத்திலும் %d. நான் அதைப் பார்த்து எழுதினேன். வகுப்பு எண் இருந்த இடத்தில் ஆச்சியின் பெயரை வைத்தேன். குறியை மாற்றவில்லை.

கம்பைலரிடம் கொடுத்தேன். ஊதா நிறத்தில் நான்கைந்து வரிகள் வந்தன. பிழை என்றால் சிவப்பில் வரும் என்று மேடம் சொல்லியிருந்தார். இது ஊதா. பக்கத்தில், கணினி அறிவியல் படிக்கும் என் தோழி ரம்யா திருப்பத்தூர்ப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"இது என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"வார்னிங்குடி. அது சும்மா கத்தும். எங்க லேப்ல எவ இதெல்லாம் படிக்கிறா? -w போடு, வாய மூடிக்கும்."

ஒரு கோடு, ஓர் எழுத்து. போட்டேன். மூடிக்கொண்டது. ஒற்றைச் சொல்லுக்கு ஒரு பழைய உரையாசிரியர் எழுதிய விளக்கத்தை இரண்டு வாரம் எழுத்தெண்ணிப் படித்து, பதினாறு பக்கக் கட்டுரை கொடுத்தவள் நான். அந்த நான்கு வரியைப் படிக்க எனக்கு நேரமில்லை. நிரல் ஓடியது, கோப்பு உருவானது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் பென்டிரைவில் ஏற்றி, லேசர் மிஷினில் பெயர் வெட்டும் சேகர் அண்ணன் கடையில் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வகுப்பு தொடங்கும் நேரத்தில் அவர் கைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, நம்பர் நம்பரா இருக்கே. அப்படியே வெட்டிரவா?"

வரிசை எண்ணைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "ஆமாண்ணே. ஃபைல்ல இருக்கபடியே வெட்டுங்க. ஒரு புள்ளிகூட மாறக் கூடாது."

"படிச்ச புள்ள சொன்னா சரிதான்" என்று அவர் வைத்துவிட்டார். ஆக, இரண்டாவது எச்சரிக்கையையும் வெற்றிகரமாகக் கடந்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, நூற்றெட்டுப் பாத்திரங்களும் குட்டியானை வண்டியில் வந்து இறங்கின. அயித்தை (அப்பச்சியின் தங்கை, ஊருக்கே கேட்கும் குரல்) முதல் சம்படத்தை எடுத்துக் கவிழ்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டி தேனு, இது என்ன? நாலு, ரெண்டு, ஒண்ணு, சைபரு, ஆறு, ஒம்போது, ரெண்டு. கோடு. ஒண்ணு."

அடுத்தது தூக்குவாளி. 4210692-2. அதற்கடுத்து இட்லிப் பானை. 4210692-3. அயித்தை வாசிக்க வாசிக்க வீட்டிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

"கட்டிக் குடுக்குறீகளா, ஜெயிலுக்கு அனுப்புறீகளா? கைதி நம்பர் மாதிரில்ல இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. ஒரு சம்படத்தை எடுத்து, வேறெங்காவது தன் பெயர் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தை நான் இன்றும் யாரிடமும் வேடிக்கையாகச் சொல்வதில்லை. பிறகு என் மடிக்கணினியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

நான் அந்த -w-வை நீக்கிவிட்டு மறுபடி கம்பைலரிடம் கொடுத்தேன். ஊதா நிற வரிகள் திரும்பி வந்தன. முதன்முறையாகப் படித்தேன்.

இன்ன கோப்பில், இன்ன வரியில், இத்தனையாவது எழுத்தில், என்று அது தொடங்கியது. "%d என்னும் குறி முழு எண்ணை எதிர்பார்க்கிறது; ஆனால் மூன்றாவதாகத் தரப்பட்டிருப்பது எழுத்துத் தொடர்" என்றது. அதற்குக் கீழே என்னுடைய வரியை அப்படியே எடுத்தெழுதி, தவறான குறிக்கு நேர் கீழே சிறிய அம்பு ஒன்று போட்டிருந்தது. அந்த அம்புக்கும் கீழே, இதை எழுதினால் சரியாகும் என்று %s என எழுதியும் காட்டியிருந்தது.

எத்தனையோ ஆசிரியர்கள் என் கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, ஒரு சுழி, மிஞ்சினால் 'தெளிவில்லை' என்று ஒரு சொல். எந்தச் சொல் தெளிவில்லை என்று நான் நாள்கணக்கில் தேடியதுண்டு. இங்கே இடம், எதிர்பார்த்தது, கிடைத்தது, மாற்று ஆகிய நான்கும் இருந்தன. குத்தலாக ஒரு சொல் இல்லை. மொழி விதிப்படி அந்த வரியில் இலக்கணக் குற்றமே கிடையாது, நிரல் ஓடும். அப்படியிருந்தும் அது வாக்கியத்தின் பொருளுக்குள் இறங்கி, நான் போட்ட இலைகளை எண்ணி, வந்து உட்கார்ந்தவர் யார் என்று முகம் பார்த்துச் சொல்லியிருக்கிறது. சொல்லிவிட்டு, உன் விருப்பம் என்று விலகியும் நின்றிருக்கிறது. நான் படித்த உரைகளிலே அதற்கு ஈடாக ஒன்றிரண்டைத்தான் சொல்ல முடியும்.

ஆச்சி என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "இது முன்னாடியே சொல்லுச்சா?"

"சொல்லுச்சு."

"எத்தன தடவ?"

"ஒரு தடவ. அப்புறம் நான் சொல்ல விடல."

"நானும் ஒரு தடவதான் சொன்னேன்" என்றாள்.

அயித்தைகூடச் சிரிக்கவில்லை.

சேகர் அண்ணனை வரவழைத்தோம். அவர் சட்டியைத் தடவிப் பார்த்து, "நான் கேட்டேன்ல தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். "தேய்ச்சு அழிச்சா தழும்பாயிரும் ஆத்தா. புதுச் சட்டி மாதிரியே இருக்காது."

"அழிக்க வேணாம்" என்றாள் ஆச்சி. "அந்த நம்பருக்குக் கீழ எம்பேர வெட்டுங்க. முழுசா."

d-யை அழித்து s என்று எழுதினேன். கம்பைலரிடம் கொடுத்தேன். ஊதாவும் இல்லை, சிவப்பும் இல்லை. அது ஒன்றும் சொல்லவில்லை. அதன் மௌனத்துக்கும் இப்போது மதிப்பு உண்டு என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் கோப்பைத் திறந்து நூற்றெட்டு வரிகளையும் படித்தேன். அடுத்த இரண்டு பகலும் அந்தக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரத்தையும் சரிபார்த்தேன். 'கடைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருக்காக' என்று சேகர் அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று, பள்ளத்தூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாயார் ஓர் அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"பேரு தெரியுது. மேல இருக்கது என்ன நம்பரு?"

அந்த எண் கணினியின் நினைவகத்தில் பெயர் சேமிக்கப்பட்டிருந்த இடத்தைக் குறிப்பது என்று ஆச்சிக்கு நான் விளக்கியிருந்தேன். அவள் கண் இமைக்காமல், "எம்பேரு இருக்கிற எடம்" என்றாள்.

"ஓ, நியூமராலஜியா! கணிச்சது யாரு?"

"எந்தங்கச்சிதான்."

அன்று முதல் எங்கள் வீட்டில் என் பெயர் 'ஜோசியர்'. நான் எங்கு போய் இறங்கினாலும் அயித்தை, "ஜோசியர் வந்துட்டாக, பலகையப் போடுங்க" என்பார். ஆத்தா எதை அச்சுக்கு அனுப்பினாலும், "தேனு, அது ஏதும் சொல்லுச்சா, கேட்டியா?" என்று என்னைப் பார்ப்பாள்.

அத்துடன் முடிந்திருந்தால் நல்லது. சென்ற மாதம் ஆச்சியின் நாத்தனார் மகளுக்குப் பள்ளத்தூரில் கல்யாணம். சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். பழக்கதோஷத்தில் ஒரு தூக்கைக் கவிழ்த்தேன். 4210692. பக்கத்துச் சம்படத்தைக் கவிழ்த்தேன். 4210692. ஒவ்வொன்றிலும் எண்ணுக்குக் கீழே 'வள்ளியம்மை' என்று பெண்ணின் பெயர் முழுசாக இருந்தது.

அங்கே நின்ற ஒரு பெரியம்மா என்னிடம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "ராசியான நம்பராம்மா. உமையாளுக்கு வெட்டி அமோகமா இருக்கால்ல? ஆனா வெறும் நம்பர் மட்டும் பத்தாதாம். கீழ பொண்ணு பேரு முழுசா இருக்கணுமாம். அப்பச்சி எழுத்தப் போட்டா பலிக்காதாம்."

"யாரு சொன்னாக?" என்று கேட்டேன்.

அவர் கையை நீட்டிக் காட்டினார். ஆச்சி இரண்டு பாத்திரங்களுக்கு அப்பால் நின்று, வெகு சிரத்தையாக ஓர் அன்னக்கூடையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.