குப்பைமேனியின் பதினோராம் வடிகட்டல்

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று பழைய கதைக்காரர்கள் எவரும் சொன்னதில்லை, நானும் மரபை மீறவில்லை) நீலம்மை என்ற எருமைக்கு மடிவீக்கம் வந்தது. பால் நின்றுவிட்டது. பிறந்து பத்து நாளான கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டுச் சோர்ந்து படுத்தது.

கொக்கு மருத்துவர் ஐந்து வகை ஊசி போட்டார். கிருமிகள் அசையவில்லை. ஐந்தாவது ஊசிக்கு, "வாங்க, வாங்க" என்று நகர்ந்து உட்கார்ந்து இடம்கூடக் கொடுத்தன.

வேலியோரத்து வெள்ளாடு சொன்னது: "அக்கா, குப்பைமேனியை அரைச்சு மடியில அப்பு. எங்க பட்டியில எல்லாருக்கும் அதுதான்."

"அதுக்கு ஆராய்ச்சி முடிவு இருக்கா?"

"இலை இருக்கு."

நீலம்மை படித்த குடும்பம். ஆராய்ச்சிக்கூடம் நடத்திய நரியாரான முனைவர் சூட்சுமனிடம் போய் நின்றது. அவர் குப்பைமேனிச் சாற்றில் ஒரு சொட்டைக் கிருமிகள்மேல் விட்டார். அத்தனையும் செத்தன.

"அப்போ குடுங்க சார், பூசிக்கிறேன்."

"பொறும்மா. எது கொன்னுதுன்னு தெரியாம எப்படிக் குடுக்கிறது? இலைக்குள்ள நூறு சரக்கு இருக்கு. ஒண்ணொண்ணாப் பிரிக்கணும்."

"கன்னு பட்டினி கிடக்கு சார்."

"அதையும் குறிச்சுக்கிறேன்."

நார், பச்சை, பிசின், வாசனை என்று ஒவ்வொன்றாக நீங்கின. சக்கையெல்லாம் சன்னல் வழியே வெளியே விழுந்தது. பதினோராம் வடிகட்டலில் பளிங்குபோல ஒரு துளி மிஞ்சியது. அதைக் கிருமிகள்மேல் விட்டார். கிருமிகள் அதில் குளித்தன.

வெளியே, நின்று நின்று கால் ஓய்ந்த நீலம்மை சன்னலடிச் சக்கையில் படுத்தது. ஈரத்தைக் கண்ட எருமை சும்மா படுக்குமா? ஒரு பகல் முழுக்கப் புரண்டது. மறுநாள் வீக்கம் வடிந்தது. அதற்கு மறுநாள் பால் சுரந்தது. கன்று வாயெடுக்காமல் குடித்தது.

சூட்சுமன் ஓடிவந்தார். மடியைத் தொட்டுப் பார்த்தவர் முகம் வெளுத்தது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?"

"குணமாயிட்டேன் சார்."

"யாரைக் கேட்டு? உன்னை மருந்து குடுக்காத பிரிவுலதானே எழுதியிருந்தேன்!"

நீலம்மை தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டது.

அந்த வாரமே அறிக்கை வெளியானது: 'மருந்து பெறாத எருமை தானே குணமடைந்தது. எனவே குப்பைமேனி தேவையற்றது.' முதலில் படித்து முழுமையாக நம்பியது நீலம்மைதான்.

"நான்தான் அப்பவே கேட்டேனே," என்று அறிக்கையை வெள்ளாட்டிடம் நீட்டியது.

வெள்ளாடு அதை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்றது.

நீதி: தீராத நோய்க்கு நல்ல ஆராய்ச்சிக்கூடத்தை நாடுக. உள்ளே செல்லற்க, சன்னலுக்கு வெளியே படுக்க.