கரண்டியோடு தூக்கிய கை

மதிப்பிற்குரிய லொரெய்ன் அத்தைக்கு, மெரிடித் எழுதுவது.

இவ்வளவு நேரம் கழித்து, ஊரே தூங்கும்போது எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஹாட்டிக்குப் பல் முளைக்கிறது, இப்போதுதான் கண் அசந்தாள். இங்கே எல்லாரும் நலம். டார்லீன் அண்ணி வீட்டில் புளோரிடா வெயில் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? ஒத்துக்கொள்ளட்டும், ஆனால் ரொம்பவும் ஒத்துக்கொண்டுவிட வேண்டாம்.

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து நின்றிருக்கவே கூடாது அத்தை. பக்கத்து ராய்ஸ் தன் வைக்கோல் கொட்டகையில் அடுப்பு வைத்து, பனிச்சறுக்கு ஆட வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு, அவர்கள் விடியவிடியக் கூச்சல் போட்டு, குழந்தை தூக்கிப்போட்டு எழுந்து, எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஒரு மனையில் ஒரு வீடுதான் என்று ஊர் விதி இருக்கிறது, ஆனால் வீடு என்றால் என்ன என்று எங்குமே எழுதவில்லை, அவனானால் "இது கொட்டகைதானே" என்கிறான். காலேஜில் படித்தவள் சும்மா இருப்பேனா? அடுப்பும் கழுவும் தொட்டியும் குழாய்த் தண்ணீரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அது தனி வீடு என்று விதியில் சேர்க்கச் சொன்னேன். கார் ஷெட்டுக்கு மேலே உங்கள் அறையில் இந்த மூன்றும் இருப்பது அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவே இல்லை. உங்களுக்கும்தான். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும், கூட்டத்தாரின் மதியச் சாப்பாட்டுக்காக மண்டபத்து ஓரத்தில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்த நீங்கள் கரண்டியோடேயே கையைத் தூக்கினீர்கள். "கரண்டிக்கெல்லாம் ஓட்டு உண்டா?" என்று ராய்ஸ் கத்தினான். "கரண்டிக்குப் பின்னால கை இருக்குடா, எண்ணு! என் மருமக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தோம். அந்த ஓட்டு உங்களுடையது.

ராய்ஸ் விடுவானா? மறுவாரமே உங்கள் அறையைப் பற்றி ஆர்விலிடம் புகார். குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளுகிற அதே ஆர்வில்தான் ஊர் விதியையும் பார்க்கிறவர், பாவம், அளக்கிற டேப்போடு வந்து நின்றார். "ஏம்மா, நீ சொன்ன மூணும் இங்க இருக்கே. இது ரெண்டாவது வீடு. அடுப்பை எடு, இல்லேன்னா ஆளை எடு." நீங்கள், "அடுப்பில்லாத ரூம்ல கிடக்க நான் என்ன லாட்ஜுக்கா வந்திருக்கேன்?" என்று பெட்டியைக் கட்டினீர்கள். நான் அந்தப் பெட்டியைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, மேல்முறையீட்டுக்கு அவகாசம் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

இப்போது ஹாட்டி இருமினால், பழக்கத்தில் உங்கள் ஜன்னலைத்தான் பார்க்கிறேன். விளக்கு எரிவதில்லை. சனிக்கிழமை உங்கள் மகன் வெஸ்லி தானே பீன்ஸ் வைத்து, தானே தின்று, "அம்மா கைப்பக்குவம் வராது" என்று என்னை முறைக்கிறார்.

நல்ல செய்தி: இன்று உங்கள் அடுப்பைக் கழற்றி எடுத்துவிட்டோம். இனி அது சட்டப்படி வெறும் அறை. தைரியமாக வாருங்கள். என் சமையலறை உங்களுடையது. உப்பைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். அண்ணிக்கு அன்பு. ஹாட்டிக்கு உங்கள் ஆசி வேண்டும்.

உங்கள் மருமகள்,
மெரிடித்

பின்குறிப்பு: சொல்லாமல் மூடத்தான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. அடுப்பைக் கோழிக் கொட்டகையில் வைத்தோம். முட்டை கழுவ அங்கே தொட்டியும் குழாயும் ஏற்கெனவே உண்டு. சாயங்காலம் முட்டை வாங்க வந்த ஆர்வில் உள்ளே பார்த்து, "ஏம்மா, இப்ப இது வீடு" என்றார். "கோழிதானே இருக்கு!" என்றேன். "யார் இருக்கணும்னு நீ சொல்லலையே." ஆகவே நாளை அடுப்பு உங்கள் அறைக்கே திரும்பப் போகிறது, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். வரும் மார்ச் ஊர்க்கூட்டத்தில் என் வரையறையை நானே எடுக்கச் சொல்லப்போகிறேன். "அதுவரைக்கும் டேப்பை எங்க வெச்சேன்னு எனக்கு ஞாபகம் வராது. உன் மாமியாரை மட்டும் கூட்டிட்டு வா, பீன்ஸ் தின்னு எத்தனை நாளாச்சு" என்கிறார் ஆர்வில். யார் யார் ஓட்டுப் போடுவார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒரு கை குறைகிறது. அங்கே ஓட்டர் லிஸ்டில் பேரைச் சேர்த்துவிடாதீர்கள் அத்தை. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.