லோரெய்ன் ஹாகெட் மேல் தப்பில்லை, என் தட்டு மேல்தான் தப்பு

லாக்கவன்னா, நியூயார்க்
செவ்வாய்க்கிழமை மாலை

மதிப்பிற்குரிய ‘லேக்ஃப்ரண்ட் மெயில்’ விளையாட்டுப் பகுதி ஆசிரியர் திரு. பாக்ஸ்டர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அலுவலகத்தில் ஹீட்டர் நன்றாக ஓடுகிறது என்றும், வாசல் பனியை யாராவது தள்ளிவிட்டிருப்பார்கள் என்றும் நம்புகிறேன். எங்கள் வாசல் பனியை நான்தான் தள்ளினேன். அப்பா உங்கள் பத்திரிகை மேல் கோபமாக இருப்பதால் இரண்டு நாளாக எந்த வேலையும் செய்வதில்லை.

என் பெயர் டெஸ்ஸா. வயது பதினேழு. போன வருடம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். எத்தனை நாள்தான் நின்றுகொண்டே இருப்பது? இதுவரை எந்தப் பத்திரிகைக்கும் எழுதியதில்லை. பிழை இருந்தால் மன்னிக்கவும். உங்கள் நிருபர் லோரெய்ன் ஹாகெட் மேடத்தை நம் ஃபுட்பால் அணியின் ஆட்டங்களை எழுதுவதிலிருந்து மாற்றலாமா என்று வாசகர்களைக் கேட்டு வெள்ளிக்கிழமை முடிவெடுக்கப் போவதாகவும், அதுவரை பந்தை உருட்டித் தூண்களைச் சாய்க்கும் பௌலிங் ஆட்டச் செய்தி எழுதுகிறவர் பார்த்துக்கொள்வார் என்றும் இன்று காலை அறிவித்திருந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஹாகெட் மேடம் எழுதுவதை நான் மூன்று முறை படிப்பேன். மற்றவர்கள் தோற்றால் திட்டுவார்கள், ஜெயித்தால் சிங்கம் புலி என்பார்கள். ஹாகெட் மேடம் அப்படியில்லை. எந்தக் கால் வழுக்கியது, எந்தத் தோள் அரை நொடி முன்னால் திரும்பியது என்று எழுதுவார். கடைசி உதையைத் தவறவிட்ட பையனை அக்டோபரில் ஊரே கரித்துக்கொட்டியதே, அவர் ஒரே ஒரு விஷயம்தான் எழுதினார்: அவன் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து, கேள்வி கேட்க வந்த கடைசி ஆள் போகும்வரை எழுந்திருக்கவே இல்லை, காலில் ஒரு ஷூ மட்டும் இருந்தது என்று. அதைப் படித்துவிட்டு, அவன் வீட்டு வாசலில் ‘ஊரைவிட்டுப் போ’ என்று பலகை வைக்கக் கிளம்பிய அப்பா, பலகையைக் காரிலிருந்து இறக்கிவிட்டார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஆட்ட நாட்களில் மைதானத்தின் மேல்மாடியில் பத்திரிகைக்காரர்கள் உட்காரும் கண்ணாடி மாடத்தில் சாப்பாடு பரிமாறுவது என் வேலை. அங்கே சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கும் ஒரு சட்டம் உண்டு: கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது. மீறினால் வெளியே. எனக்கு அது சொர்க்கம் மாதிரி ஐயா, யாரும் பேசச் சொல்லாத ஒரே இடம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிய நாற்பது நொடிதான் பாக்கி, நாம் மூன்று புள்ளி முன்னால், அவர்கள் நம் எல்லைக்கோட்டுக்கு இரண்டு கெஜத்தில், நான் கையில் மிளகாய் பீன்ஸ் சூப்போடு ஹாகெட் மேடம் பின்னால் நிற்கிறேன், அவர்கள் ஆள் கையிலிருந்து பந்து நழுவிவிட்டது! ஹெல்மெட்டும் தோள்கவசமுமாகப் பத்துப் பதினைந்து பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஒரே குவியல், அடியில் பந்து யாரிடம் என்று யாருக்குமே தெரியல, கடைசியில நம்ம மார்க்கெல் டூப்ரே பந்தைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு எழுந்தாரா, எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல ஐயா, பதினேழு வருசமா அடைச்சிருந்த தொண்டை அப்பத்தான் திறக்கணுமா, “ஐயோ ஜெயிச்சுட்டோம்!”னு ஒரு கத்து கத்திட்டேன், தட்டு சாய்ஞ்சு சூப்பு மொத்தமும் மேடம் குறிப்பு நோட்டுல.

சாப்பாட்டு மேற்பார்வையாளர் திரு. ஃபென்டன் ஓடி வந்தார். “யாருய்யா கத்தினது?”

ஹாகெட் மேடம் திரும்பிக்கூடப் பார்க்காமல், “நான்தான். முழங்கால்ல மேஜை இடிச்சிருச்சு” என்றார்.

“முழங்கால் இடிச்சா ‘ஜெயிச்சுட்டோம்’னா கத்துவாங்க?”

“எங்க வீட்ல அப்படித்தான்.”

மேடம் பெயரில் எச்சரிக்கை எழுதிக்கொண்டு போனார் ஃபென்டன். நான் ஏப்ரனால் நோட்டைத் துடைக்கப் போய், எழுத்தை இன்னும் ஈஷிவிட்டேன். “விடும்மா, என் கையெழுத்தைவிட பீன்ஸ் தெளிவா இருக்கு” என்று சொல்லிவிட்டு உடைமாற்றும் அறைப்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் பத்திரிகையில், பந்தை எடுத்தது டூப்ரே இல்லை, மாற்று ஆட்டக்காரர் ஓவன் ப்ளிஸ் என்று வந்தது. ஊருக்கு ஓவன் ப்ளிஸ் என்று ஒருவர் இருப்பதே அன்றுதான் தெரியும். நான் மூன்றாவது பத்தி படித்துக்கொண்டிருந்தேன், அப்பா தாளைப் பிடுங்கிவிட்டார். அவர் டூப்ரே பெயர் போட்ட சட்டையை செப்டம்பரிலிருந்து துவைக்காமல் போட்டிருக்கிறார், துவைத்தால் அணி தோற்குமாம்.

“அந்தம்மாவுக்குக் கண்ணா, பட்டனா? ஊரே டிவில பார்த்துச்சு!” என்று பேப்பரைச் சுருட்டி எறிந்தார்.

பௌலிங் கூடத்தில் அவர் கூட்டாளி ஸ்டாஷ், “மாப்ளே, வயசாயிருச்சுப்பா அவங்களுக்கு. வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதிப் போடு” என்று ஏற்றிவிட்டிருக்கிறார். அங்கே பியரோகிக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுதி அன்று மாலையே உங்கள் அலுவலகப் பெட்டியில் போட்டார்களாம். உங்கள் அறிவிப்பில் சொன்ன இருநூறு கடிதம் வந்தது இப்படித்தான்.

ஐயா, நோட்டில் இருந்த டூப்ரே பெயர் சூப்பில் அழிந்துவிட்டது. மேடம் ஞாபகத்தில் ஏதோ எழுதியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. கத்தியதும் நான். இவ்வளவு நடந்தும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உங்கள் அறிவிப்பில் அவர் சொன்னதாக ஒரே வரிதான் இருந்தது: “கட்டுரையை முழுசாகப் படித்தவர்களிடம் நான் சொல்ல வேறு ஒன்றுமில்லை.” எவ்வளவு பெருந்தன்மை! அதைப் படித்து அழுதேன். இந்தக் கடிதம் அச்சானால் என் வேலை போகும். போகட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பௌலிங் எழுதுகிறவர் நல்லவர்தான், ஆனால் அவர் எல்லாரையும் புகழ்கிறார், தூண்களைக்கூட.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் என் வணக்கம். இந்தக் குளிர்காலத்தில் ஒருவருக்கும் சளி பிடிக்காமல், கார் பனியில் மாட்டாமல், நம் அணி ஜனவரி வரை ஆடி எல்லாரும் சந்தோஷமாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு, மிகுந்த பயத்துடன்,
டெஸ்ஸா ப்ரூஸ்னிக்

பின்குறிப்பு (புதன் காலை): ஐயா, மேலே எழுதியது முக்கால்வாசி தப்பு. இன்று வாசலில் ஈர பூட்ஸைத் தூக்கியபோது அடியில் விரித்திருந்த தாளில் ஹாகெட் மேடம் பெயர் தெரிந்தது. திங்கட்கிழமைக் கட்டுரையின் மீதி, ஆறாம் பக்கத்தில். அதில் டூப்ரேயே சொல்லியிருக்கிறார்: “பந்தை எடுத்தது ஓவன்தான். மூச்சு முட்டுது, பிடின்னு என் கையில குடுத்தான். எல்லாரும் வந்து வாழ்த்துனாங்க, பந்து யார்கிட்ட இருந்துச்சுன்னு நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க.” சூப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இருநூறு பேரும் ஆறாம் பக்கம் போகவில்லை. மூன்று முறை படிக்கும் நானும் போகவில்லை. மன்னிக்கவும், நீங்களும் போகவில்லை போலிருக்கிறது.

அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் படித்தார். “மீதி ஆறாம் பக்கம்னு பெரிசாப் போட வேண்டாமா?”

“போட்டிருக்குப்பா.”

“இன்னும் பெரிசா!”

இனி இந்தக் கடிதம் தேவையில்லைதான். ஆனால் திட்டி எழுதிய இருநூறு பேரில் ஒருவரும் உட்கார்ந்து மறுபடி எழுத மாட்டார்கள், வெள்ளிக்கிழமை உங்கள் மேஜையில் அந்தக் கட்டு மட்டும்தான் இருக்கும். அதனால் இதையும் அதன் மேல் வைக்க அனுப்புகிறேன். கத்தியது நான் என்பது மட்டும் இன்னும் உண்மை, அதை அச்சிடலாம்.

அப்பா, “நானும் வருத்தப்படறேன்னு ஒரு வரி சேர்த்துக்கோ. பேர் மட்டும் போட்டுறாதே” என்றார். அவர் பெயர் ராய் ப்ரூஸ்னிக். உங்களுக்கு வந்த முதல் கடிதம் அவருடையது.