மலைப் பேச்சு மறந்த ஆளுநர்

மருதேயம் என்றொரு நாடு. ஆளப்படுகிறவர்கள் பேசுவது ஆள்கிறவருக்குப் புரியக்கூடாது என்பதே அங்கே நல்லாட்சியின் முதல் இலக்கணம்.

அந்த நாட்டுக்குப் பஞ்சம் பிழைக்கக் கூவல மலையிலிருந்து இறங்கி வந்தவர் எயினன். சமவெளிப் பேச்சைக் கற்றார், மலைப் பேச்சை மென்று விழுங்கினார், படையில் சிப்பாயாகச் சேர்ந்து தளபதியும் ஆனார். மருதேயம் கூவலத்தைப் பிடித்தபோது அவரையே அங்கே ராணுவ ஆளுநராக்கினார்கள்.

"மலைப் பேச்சு நினைவிருக்கிறதா?" என்று கேட்டார் பேரமைச்சர்.

"மறந்துவிட்டேன், பிரபு."

"அதுதான் தகுதி."

தலைநகரிலிருந்து வந்த ஆணைகளில் எயினன் கையெழுத்திட்டார். ஆளுநர் மலைப் பேச்சில் வாய் திறக்கக்கூடாது. துபாஷி பெயர்த்துச் சொல்வதே மக்களின் வாக்கு. ஏரி மதகு அடைக்கப்படும். படைக்குதிரைகள் குடித்து மிஞ்சியதே வயலுக்கு. 'தாகம்' என்ற சொல் அமைதிக்குக் குந்தகம் என்பதால், இனி அது 'நீர் ஆர்வம்' என்றே வழங்கப்படும்.

நாற்று கருகிய மாதத்தில் நீலி என்ற குடியானவள் இடுப்பில் பிள்ளையோடு சபைக்கு வந்தாள்.

"ஐயா, மதகைத் தெறந்து விடுங்க. பிள்ளைக்கு நாக்கு நனைக்கத் தண்ணியில்ல."

துபாஷி குனிந்து சொன்னார்: "தங்கள் ஆட்சியில் நெஞ்சு குளிர்ந்திருக்கிறதாம்."

எயினனுக்கு அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "நன்றி ஏற்கப்பட்டது" என்றார்.

அடுத்த சபைக்கு நீலி தனியாக வந்தாள். பிள்ளையை முந்தின நாள்தான் புதைத்திருந்தார்கள். ஒன்றும் பேசாமல் நின்றாள்.

"மனநிறைவில் பேச்சு வரவில்லை போலும்" என்றார் துபாஷி.

எயினன் எழுந்தார். "மதகைத் தெறக்கச் சொல்றேன், தாயி."

அத்தனை வருடம் கழித்தும் மலைப் பேச்சு நாக்கில் தடுக்கவில்லை. நீலி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"உனக்கு வெளங்குமா? அன்னிக்கே வெளங்கிச்சா?"

அவர் தலை கவிழ்ந்தது. சாயங்காலத்துக்குள் வயல்களில் தண்ணீர் பாய்ந்தது.

தலைநகரம் அவரைத் தண்டிக்கவில்லை. தண்டித்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். பதவி உயர்வு கொடுத்து, புதிதாகப் பிடித்த கடற்கரைச் சீமைக்கு அனுப்பியது. அந்தக் கரைக்காரர் ஒருவரைக் கூவலத்துக்கு ஆளுநராக்கியது. இனி யார் பேசுவதும் யாருக்கும் புரியாது என்று பேரமைச்சர் நிம்மதியடைந்தார்.

கரையில் முதல் சபை கூடியது. மீனவர் ஒருவர் முன்னே வந்து, கையை வீசி வீசி ஏதோ சொன்னார். இந்தத் தடவை எயினனுக்கு உண்மையாகவே ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"கடல் நிறைய மீன், மனம் நிறைய மகிழ்ச்சி என்கிறார்" என்றார் அந்த ஊர்த் துபாஷி.

எயினன் மீனவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆசனத்தை விட்டு இறங்கிப் போய் அவர் தோளைத் தொட்டு, வாசலைக் காட்டினார். மீனவருக்குப் புரிந்தது. இருவரும் குப்பத்தை நோக்கி நடந்தார்கள்.

தலைநகரிலிருந்து உடனே ஆணை வந்தது. அன்றிலிருந்து மருதேயத்து ஆளுநர்கள் எவரும் மாளிகையை விட்டு வெளியே வருவதில்லை. மக்கள் மகிழ்ச்சியாக இருப்பதாக அவர்களுக்குத் தினமும் தெரிவிக்கப்படுகிறது.