மீட்க வராத மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். நலம் என்றால், என் இடது கணுக்காலையும் மூக்கையும் தவிர்த்து மற்ற பாகங்கள் நலம். அங்கு நீங்கள் நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. ஞாயிறு, திங்கள் இரண்டு இரவும் நிம்மதியாகத் தூங்கி எழுந்தவர் நலமாகத்தான் இருப்பார். அலுவலகப் பயிற்சிக்கு வெளியூர் போயிருக்கும் என் மகள் திரும்பியதும் அவளுக்கு என் ஆசியைச் சொல்லவும். அவள் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை வந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். போனில் சொன்னால் நீங்கள் "சரி மாமா" என்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் பேசியதையெல்லாம் அள்ளிக் கூட்டினாலும் "சரி மாமா", "பாக்கலாம் மாமா", "வரேன் மாமா" என்பதற்கு மேல் ஒன்றும் தேறாது. தவிரவும், மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. உங்கள் வீட்டு மாடி அறையைக் காலி செய்து வெள்ளையடித்து வைத்துக்கொண்டு, இந்த வீட்டை விட்டுவிட்டு அங்கேயே வந்துவிடுங்கள் என்று நீங்களும் மகளும் ஆறு மாதமாகக் கேட்கிறீர்களே, அதற்கான என் பதிலும் இதில்தான் இருக்கிறது. ஆகவே பாதியில் மடித்து வைக்காமல் படிக்கவும்.

டயர் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே நாங்கள் யாரையும் வாய்வார்த்தையை வைத்து நம்பியதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் சைரனை அலறவிட்டு, யார் வாசலுக்கு ஓடுகிறார், யார் சாப்பாட்டுப் பையைத் தேடுகிறார் என்று ஓரமாக நின்று பார்ப்போம். நிஜமான ஆள் அப்போதுதான் வெளியே வருவான். மாடி அறைக்கு வரலாமா வேண்டாமா என்று யோசித்தபோதும் எனக்கு அதே கவலைதான் வந்தது. வயதான காலத்தில் எங்களுக்கு ஒன்று என்றால் இந்த மனிதர் எழுந்து ஓடி வருவாரா? கேட்டால் வருவேன் என்றுதான் சொல்வீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமா இது?

அந்தச் சமயம் பார்த்துத்தான் உங்கள் அத்தை பத்திரிகையில் ஒரு செய்தியைக் காட்டினாள். நாங்கள் போய்வந்த அந்தக் கடற்கரையில் குளிர்காலத்தில் கூடாரம் போட்டுத் தங்கக் கட்டணமே கிடையாதாம். ஏன் கிடையாது என்று நான் விசாரித்தேன். கட்டணம் வாங்குகிற காவலாளியே குளிர்காலத்தில் அங்கே இருப்பதில்லை. விளக்கு இல்லை, கடை இல்லை, மணலுக்குப் போய்விட்டால் போனில் சிக்னல் இல்லை. விழுந்தால் தூக்க ஆளில்லாத இடத்தில்தான் இந்த இலவசத்தைக் கொடுக்கிறார்கள். "எவ்வளவு அமைதியா இருக்கும்!" என்றாள் அவள். ஒத்திகைக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று எனக்குப் பட்டது. ஆளரவமற்ற கடற்கரைக்குப் போகிறவர்கள் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது முதல் விதி. அந்த ஒருவராக உங்களை நியமித்தேன். வரைபடத்தை உங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் என் கையாலேயே ஒட்டினேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் என் குரல் கேட்காவிட்டால் நீங்கள் தேடி வர வேண்டும் என்றேன். "சரி மாமா" என்றீர்கள். ஆறு மணிக்கு நான் வேண்டுமென்றேதான் பேசவில்லை, மாப்பிள்ளை. ஒத்திகை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒத்திகைக்கு என்ன மரியாதை? உங்கள் அத்தைக்கு மட்டும் சொன்னேன். இரண்டு போன்களையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி டேப் ஒட்டியும் வைத்தேன்.

இனி சனிக்கிழமை முதல் நடந்ததைக் கேளுங்கள். கூடாரம் என் பழைய சகா, பாய்லர் பிரிவில் இருந்ததால் எல்லோரும் 'கொதிகலன்' என்று கூப்பிடுகிற அந்த மனிதரிடம் இரவல் வாங்கியது, அதில் ஒரு கம்பி இல்லை, "தரை துடைக்கிற குச்சி போதும், நான் பத்து வருஷமா அப்படித்தான்" என்று அவர் தன் வீட்டுக் குச்சியையே கொடுத்தனுப்பினார், அதை நம்பி வாங்கியது என் புத்தி. காரை முகம் வெளியே பார்க்க நிறுத்த வேண்டும், அவசரத்துக்குக் கிளம்ப அதுதான் வசதி என்று நான் பின்பக்கமாகவே மணலுக்குள் கொண்டுபோனேன், முகம் கச்சிதமாக வெளியே பார்த்தது, பின்சக்கரங்கள் இரண்டும் பூமிக்குள் பார்த்தன. காய்ந்த பாசியும் கிளிஞ்சலும் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு மேலேதான் கூடாரம் போட வேண்டும், அலை அதுவரைக்கும் வரும் என்று படித்திருந்தேன், அப்படியே போட்டேன், மணல்மேடு சரிந்து விழாத தூரமும் பார்த்தேன். சுற்றிலும் கயிறு கட்டினேன், வாசலில் 'காலடி கவனம்' பலகை வைத்தேன், அவசரத்தில் வந்து சேர வேண்டிய இடத்துக்குக் கோட்டுக்குக் கீழே சமதளமாகப் பார்த்து 'கூடுமிடம்' என்று இன்னொரு பலகை நட்டேன். உங்கள் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரு எதுக்குங்க தனியா கூடணும்? ஏற்கெனவே கூடித்தானே இருக்கோம்?" என்றாள். பாதுகாப்பில் கிண்டல் கூடாது என்று எத்தனை தடவைதான் சொல்வது! கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைத்தால் விஷவாயு சேரும், உள்ளே கூடாது என்று நான் சொன்னேன். வெளியே கூடாது என்று காற்று சொல்லிவிட்டது. ரொட்டியைத் தின்று தண்ணீரைக் குடித்துப் படுத்தோம். விடிவதற்குள் அந்தத் தரை துடைக்கிற குச்சி கழன்று நேராக என் மூக்கில் வந்து இறங்கியது. கொதிகலன் பத்து வருடமாக அப்படித்தான் என்றது கூடாரத்தையா, அவர் மூக்கையா என்று கால் சரியானதும் நேரில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிறு மாலை மடக்கு நாற்காலியை மணல்மேட்டின் மேல் போட்டு, டார்ச்சும் விசிலுமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் உங்கள் அத்தையும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் கொஞ்ச நேரம் காலாறப் போய்விட்டு வந்திருந்தாள், முகம் தெளிவாக இருந்தது, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆறு மணி தாண்டியது. நீங்கள் சட்டையை மாட்டுகிறீர்கள், கார் சாவியைத் தேடுகிறீர்கள் என்று மனக்கணக்குப் போட்டேன். பெட்ரோலுக்கு நேரம் கொடுத்தேன். டீக்கு நேரம் கொடுத்தேன். வழியில் டயர் பஞ்சர் என்று வைத்துக்கொண்டு அதற்கும் நேரம் கொடுத்தேன். நீங்கள் வராத ஒவ்வொரு நிமிடத்துக்கும் நானே உங்களுக்கு வக்கீலாக நின்று வாதாடினேன், மாப்பிள்ளை. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மேட்டிலிருந்து இறங்கி ஏறினேன். "எங்கேயும் போயிடாதீங்க, வரும்போது வரட்டும்" என்றாள் அவள். விசிலை மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பொருள். ஊதினேன். எங்கிருந்தோ நாய்கள் வந்தன. மறுபடியும் ஊதினேன், இன்னும் சில நாய்கள் வந்தன. அவ்வளவு கட்டுப்பாடான கூட்டத்தை நான் தொழிற்சாலையில்கூடப் பார்த்ததில்லை. வந்ததும் வரிசையாக உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தன, மிச்சமிருந்த ரொட்டி அத்தோடு தீர்ந்தது.

திங்கட்கிழமை கடல் பொங்கியது. அலை நேராக வந்து சேர்ந்தது நான் நட்டுவைத்த கூடுமிடத்தில்தான். பலகை சாய்வதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை, அதைப் பிடிக்க ஓடினேன். எங்கள் தெரு இளைஞர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பெடுக்கும்போது, அலை கொண்டுபோகும் பொருளின் பின்னால் போகாதே என்று நான்தான் சொல்வேன். முழங்கால் தண்ணீர்தான், ஆனால் அடுத்த அலை என்னைப் புரட்டிவிட்டது. கால் எங்கே, தலை எங்கே என்று தெரியவில்லை. வாயெல்லாம் உப்பு. உங்கள் அத்தை சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. கணுக்கால் பிசகி, குளிரில் பல் கிட்டித்துக் கிடந்தேன். அவள் ஈரத்தைக் கழற்றி, துடைத்து, உலர்ந்த துணி மாற்றி, போர்வைக்குள் சுருட்டி வைத்தாள். அப்போது எனக்கு ஒத்திகை, மதிப்பெண் எதுவும் நினைவில்லை. நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் நினைத்தேன். ரோட்டிலிருந்து இறங்கும் பாதையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நீங்கள் வரவில்லை. அழுகை வந்துவிட்டது, மாப்பிள்ளை. உப்புத்தண்ணீர் கண்ணில் போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன்.

செவ்வாய் காலை எழுந்து பார்த்தால் உங்கள் அத்தை காரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டயரில் ஏதோ செய்துகொண்டிருக்கிறாள், 'புஸ்' என்று சத்தம். டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் வீட்டிலேயே இப்படியா! "என்னம்மா பண்றே?" என்று அலறினேன். "காத்தைக் கொஞ்சம் எறக்கறேங்க. மணல்ல மாட்டினா அப்படித்தான் எடுக்கணும்னு அந்தப் பத்திரிகையிலேயே போட்டிருந்தான். உங்களுக்கும் கொஞ்சம் எறக்கலாம்னு பாத்தேன், வால்வு எங்கேன்னுதான் தெரியல" என்றாள். என்னைப் பின்சீட்டில் கால் நீட்டிப் படுக்கவைத்து, தானே ஓட்டி, ஒரே மூச்சில் காரை ரோட்டில் ஏற்றிவிட்டாள். மீட்புக் குழு வருமுன் பாதிக்கப்பட்டவர்கள் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

ஆக, ஒத்திகையின் முடிவை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். முதலில் வந்தவர்: யாருமில்லை. மதிப்பெண்: பூஜ்யம். உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. இது பொய், கோபம் இருக்கிறது. அதைவிட, மனசு விட்டுப்போய்விட்டது. தேடிவராத வீட்டில் மாடி அறை இருந்தால் என்ன, மாளிகையே இருந்தால் என்ன? நாங்கள் வருவதாக இல்லை. வெள்ளையடித்த செலவுக்கு வருந்துகிறேன். அந்த அறையில் துணி காயப்போட்டுக்கொள்ளவும்.

நீங்கள் எல்லாச் செல்வமும் பெற்று, நோய்நொடி இல்லாமல், கேஸ் சிலிண்டரை இரவில் மறக்காமல் மூடிக்கொண்டு, நீண்ட காலம் வாழ வேண்டும் என்று ஆசி கூறும்

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையில் போடும் முன் உங்கள் அத்தையும் இரண்டு வரி எழுதட்டும் என்று இதைக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "இதைப் போடாதீங்க" என்றாள். ஏன் என்றேன். பிஸ்கட் டப்பாவில் நான் டேப் ஒட்டி வைத்ததில் ஒன்று என் போன், மற்றது, தன் போன் என்று அவள் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்த மூக்குக்கண்ணாடிக் கூடாம். ஞாயிறு சாயங்காலம் காலாறப் போனேன் என்றவள், ரோட்டோரத்தில் பூட்டிக் கிடக்கும் காவலாளி அறைப் படியில் ஏறி நின்று, அங்கே சிக்னல் கிடைக்கிறது என்று கண்டுபிடித்து, உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள். நீங்கள் அப்போது வீட்டில் இல்லையாம். கடலோரத்தில் பலத்த காற்று என்று மதியச் செய்தியில் கேட்டதுமே, ஆறு மணிக்குக் காத்திராமல், கயிறும் ஃப்ளாஸ்க்குமாகக் கிளம்பிப் பாதி வழி வந்துவிட்டீர்களாம்.

திருப்பி அனுப்பியது அவள்தான். "ஒண்ணும் ஆகல மாப்பிள்ளை, இது அவரோட ஒத்திகை. நீங்க வந்துட்டா அடுத்த நிமிஷமே மூட்டை கட்டிடுவாரு. ஒரு நாளாச்சும் இவர் என் பக்கத்துல உக்காந்து கடலைப் பாத்ததில்ல. யாரோ வராங்கன்னு காத்துக்கிட்டாவது உக்காரட்டுமே" என்று சொன்னாளாம். "அப்போ நான் ஃபெயிலா அத்தை?" என்று கேட்டீர்களாம். ஆமாம் என்றாளாம். "சரி அத்தை" என்று காரைத் திருப்பினீர்களாம். திங்கட்கிழமை காலையிலும் பேசினீர்களாம். நான் விழுந்ததை இன்றுவரை உங்களிடம் மறைத்தவளும் அவள்தான், அதற்காக அவள்மேல் கோபப்படாதீர்கள். நான் பட்டாயிற்று.

மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். வருகிற ஞாயிறு சாமான்களோடு மாடி அறைக்கு வருகிறோம். காரைத் திருப்புமுன் நீங்கள் கடைசியாக இன்னொரு கேள்வி கேட்டதாக அவள் சொன்னாள். "மாமா ஸ்வெட்டர் போட்டிருக்காரா?" என்று கேட்டீர்களாம். சிக்னல் போய்விட்டதால் அவளால் பதில் சொல்ல முடியவில்லையாம், மறுநாள் பேசியபோது மறந்தே போனாளாம்.

போட்டிருந்தேன், மாப்பிள்ளை. உள்ளே இன்னொன்றும் போட்டிருந்தேன்.